பீரோவுக்குள் எட்டு வெப்பமானிகள்

பள்ளிக்கூட எழுத்தரின் வீட்டில் அடுப்பைப் பற்றவைக்காமலே பால் பொங்கி வழிந்த அந்தத் திங்கட்கிழமை, பகல் பதினோரு மணிக்கு, பள்ளிக்கூடத்தின் எட்டு வகுப்பறைகளிலும் வெப்பநிலை சரியாக இருபத்தேழு டிகிரியாக இருந்தது. வெளியே மைதானத்தில் நாற்பத்தொன்று. தகரக் கூரைமேல் உட்கார்ந்த காகம் உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்து பறந்தது. அதே கூரைக்குக் கீழே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். தபால் கொடுக்க வந்தவர் வாசற்படியில் நின்று, "என்ன சார், ஏசி போட்டுட்டாங்களா?" என்று அண்ணாந்து பார்த்தார். மேலே பழைய ஃபேன்தான் தொங்கியது. மூன்று இறக்கையில் ஒன்று இல்லை, இருந்த இரண்டும் சுற்றவில்லை.

இது எப்படி நேர்ந்தது என்று சொல்ல மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும். அரசுப் பள்ளி வகுப்பறைகள் பிள்ளைகள் படிப்பதற்கு ஏற்ற இதமான வெப்பத்தில் இருக்க வேண்டும், தினமும் பதினோரு மணிக்கு ஒவ்வோர் அறையின் வெப்பநிலையையும் பதிவேட்டில் எழுத வேண்டும், முப்பத்தைந்தைத் தாண்டினால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஓர் ஆணை வந்தது. கூடவே ஒரு மரப்பெட்டியில் பஞ்சு வைத்து எட்டு வெப்பமானிகளும் வந்தன. ஒன்று முதல் எட்டு வரை எண் ஒட்டியிருந்தது, அறைக்கு ஒன்று. தலைமையாசிரியர் முன்யோசனைக்காரர். அரசாங்கப் பொருள் உடைந்தால் யார் பதில் சொல்வது? பெட்டியைத் தன் அறை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பள்ளிக்கூடத்திலேயே ஏசி இருந்த அறை அது ஒன்றுதான். அதுவும் அவருக்காக வந்ததல்ல, கம்ப்யூட்டருக்காக வந்தது. எழுத்தர் தினமும் பதினோரு மணிக்கு பீரோவைத் திறப்பார். வெப்பமானிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்ப்பார். ஒன்றாம் எண் இருபத்தேழு, இரண்டாம் எண் இருபத்தேழு என்று எட்டு வரைக்கும் அழகான கையெழுத்தில் எழுதி, பெட்டியை மூடிவிடுவார். அவர் பொய் எழுதினார் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு நாள் நான்காம் எண் இருபத்தெட்டு காட்டியபோது அதையும் அப்படியே எழுதினார். ஒரே ஒரு தடவை, இதையெல்லாம் அந்தந்த அறையில் மாட்டினால் என்ன என்று கேட்டார். "மாட்டினா பசங்க உடைப்பானுங்க. அப்புறம் நீரும் நானும்தான் கைகட்டி நிக்கணும்" என்றார் தலைமையாசிரியர். எழுத்தர் எதையும் இரண்டாம் தடவை கேட்கிற ஆளில்லை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'இருபத்தேழு'.

மூன்றாம் வருஷக் கோடையில், ஆறாம் அறையில், மூன்றாம் பெஞ்சின் சுவரோரம் உட்காரும் பதினொரு வயதுப் பெண் பதினொன்று நாற்பதுக்கு நோட்டின்மேல் தலை வைத்துப் படுத்தாள். ஐந்து நிமிஷம் தூங்கட்டும் என்று டீச்சர் விட்டுவிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எழுத்தரின் மகள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையைக்கூட கழற்றாமல், "அப்பா, ரூம் எரிஞ்சுதுப்பா. பெஞ்சுல கை வைக்க முடியல. எங்க எல்லாருக்கும் ஊத்துது, அவளுக்கு மட்டும் வியர்க்கவே இல்ல. கை காகிதம் மாதிரி காஞ்சு கெடந்துச்சு" என்றாள். எழுத்தர் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே போனார்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். ஏசி அறையில் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டினார்கள். அன்றைய தேதிக்கு நேராக ஆறாம் அறை இருபத்தேழு என்று இருந்தது. ஆக, வெயில் காரணமில்லை. வேறு காரணம் ஒன்று வேண்டுமே? பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்ததால் ஏற்பட்ட பலவீனம் என்று எழுதினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் இதுதான். பிள்ளையின் தாய் கடைத்தெருவில் தள்ளுவண்டி வைத்துத் துணி தேய்ப்பவர். எல்லோரும் இஸ்திரிக்காரம்மா என்பார்கள். புருஷன் இல்லை, பெற்றதும் அந்த ஒன்றுதான். பெற்ற பிள்ளைக்குச் சோறு போடாதவள் என்று சர்க்கார் முத்திரையோடு ஊருக்குச் சொல்லியாயிற்று. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், 'பதிவேட்டில் கண்டுள்ளபடியே அறைகளின் வெப்பநிலை இருந்தது, இருந்துவருகிறது என இக்குழு உறுதி செய்கிறது' என்று ஒரு வரி. அதன் கீழே மூன்று கையெழுத்து, ஒரு வட்ட முத்திரை. பதிவேட்டைப் பராமரிப்பவர் என்ற முறையில் எழுத்தரும் கையெழுத்துப் போட்டார். கேட்டிருந்ததால் வீட்டு விலாசத்தையும் எழுதினார்.

அறிக்கை சனிக்கிழமை வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை அறைகள் இருபத்தேழுக்கு வந்துவிட்டன. நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது என்பார்கள்; சர்க்கார் முத்திரை குத்திச் சொன்னால் கூரையும் சுவரும் வேறென்னதான் செய்யும்? எட்டு அறைகளிலிருந்தும் மிஞ்சிய சூடு எங்காவது போயாக வேண்டும். அந்தக் காகிதத்தில் இருந்த ஒரே விலாசம் எழுத்தருடையது.

இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வாடகை வீடு அது. எழுத்தரின் மனைவி முன்னறையில் தையல் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடைகள் தைத்துவந்தார். காலை பத்து மணிக்குச் சூடு வரும், நாலு மணிக்குப் பள்ளி விட்டதும் போய்விடும். முதல் வாரம் அது ஒரு வேடிக்கையாகக்கூட இருந்தது. துவைத்த துணி கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் காய்ந்தது. அப்புறம் மெழுகுவர்த்திகள் தலை குனிந்தன. பெட்டியிலிருந்த பிளாஸ்டிக் பொத்தான்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மிஷினுக்குப் போட்ட எண்ணெய் புகைந்தது. சுவரில் நாலைந்து வருஷமாகக் குடியிருந்த பல்லி, ஒரு நாள் ஜன்னல் வழியாக வெளியேறியது, திரும்பவில்லை. பக்கத்து வீடுகளில் சாதாரண வெயில்தான். "சூரியன் நம்ம வீட்டுக்கு மட்டும் தனியா ஒண்ணு வந்திருக்கா?" என்று மனைவி கேட்டார். எழுத்தருக்குக் கணக்குப் பிடிபட இரண்டு நாள்கூட ஆகவில்லை. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இங்கே அது பெண்டாட்டியைச் சுட்டது.

வீட்டைப் பூட்டிக்கொண்டு போகவேண்டியதுதானே என்று கேட்கலாம். பூட்டிப் பார்த்தார்கள். மனைவி தம்பி வீட்டுக்குப் போன புதன்கிழமை, அறைகளில் நாற்பத்துநாலு ஆயிற்று. பதினோரு பிள்ளைகள் வாந்தியெடுத்தார்கள், எழுத்தரின் மகளும் அதில் ஒருத்தி. வியாழக்கிழமை மனைவி திரும்பி வந்து கதவைத் திறந்த நிமிஷம் பள்ளிக்கூடம் குளிர்ந்தது. எழுத்தர் ஒரு நாள் விடுப்பு எடுத்துத் தானே வீட்டில் உட்கார்ந்தும் பார்த்தார். அன்று பதிவேட்டில் எழுத ஆளில்லாததால் சூடு அறைகளை விட்டு நகரவில்லை. ஆக, ஒருவர் அங்கே எழுத வேண்டும், ஒருவர் இங்கே உட்கார வேண்டும். ஆள் இல்லாத வீட்டுக்குச் சூடு வராது. இதை மனைவியிடம் எப்படிச் சொல்வதென்று எழுத்தர் மென்று விழுங்கிக்கொண்டிருந்தபோது மனைவியே சொன்னார். "முந்நூத்தி நாப்பது பிள்ளைங்க. அதுல ஒண்ணு நான் பெத்தது. உட்காருறேன். உங்களுக்காகன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க."

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. பள்ளிக்கூடத்துக்கு நல்ல பெயர். வருகை கூடியது, மதியத்துக்குமேல் தூங்கி விழுகிற பிள்ளைகள் இல்லாமல் போனார்கள், தேர்ச்சி தொண்ணூற்றாறு சதவீதம் ஆனது. வேறு பள்ளிகளிலிருந்து வந்து கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தலைமையாசிரியர், தான் மைதானத்தில் நட்ட மரங்கள்தான் காரணம் என்று சொல்லி ஒரு கேடயம் வாங்கினார். மரங்கள் இரண்டு, இரண்டும் முழங்கால் உயரம். எழுத்தர் காலை முதல் மாலை வரை இதமான காற்றில் உட்கார்ந்து இருபத்தேழு எழுதினார். மாலையில் வீட்டுச் சுவரில் கை வைத்தால் இன்னும் சுடும். மனைவியின் புருவம் உதிர்ந்திருந்தது. உதடு வெடித்து, நாலு வார்த்தை பேசினால் ரத்தம் கசிந்தது. இரண்டு பானை புதிதாக வாங்கிப்போட்டார் எழுத்தர், அவரால் முடிந்தது அவ்வளவுதான். உண்மையில் முடிந்தது இன்னொன்றும் இருந்தது. அந்த ஒரு நாளின் ஒரு எண்ணைத் திருத்தினால் போதும், முத்திரை பொய்யாகிவிடும், சூடு வந்த வழியே திரும்பிவிடும். ஆனால் திரும்புகிற இடத்தில் முந்நூற்று நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள், மகள் இருந்தாள். பிள்ளைகளின் நலம்தான் முக்கியம் என்று சொல்லிக்கொண்டார். அதுவும் காரணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. பொய்ப் பதிவு எழுதினேன் என்று ஒப்புக்கொண்டால் வேலையும் ஓய்வூதியமும் போய்விடும் என்பதும் காரணம்.

இஸ்திரிக்காரம்மா சனிக்கிழமைதோறும் அலுவலக ஜன்னலுக்கு வருவார். கத்தமாட்டார், அழமாட்டார். "சார், ஒத்த நம்பர் சார். அன்னைக்கு என்ன சூடு இருந்துச்சோ அதை எழுதுங்க. காசு பணம் கேக்கல. என் பொண்ணு சாப்பிட்டுட்டுத்தான் வந்தா. தட்டு கழுவி வச்சுட்டுத்தான் வந்தா சார்." எழுத்தர் ஏதாவது ஒரு காகிதத்தைத் தேடுவார். பார்க்கலாம்மா என்பார். கிணற்றில் போட்ட கல்லாக அது அப்படியே கிடந்தது.

சாரிடம் ஆகாதது சாரின் வீட்டம்மாவிடம் ஆகுமா பார்ப்போம் என்று, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் வீட்டுக்கே வந்தார். வாசலைத் தாண்டி ஓரடி வைத்ததும் நின்றுவிட்டார். முப்பது வருஷமாகச் சூட்டோடு பிழைப்பவர். எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு என்பதை இஸ்திரிப் பெட்டியைக் கன்னத்தருகே கொண்டுபோய்ச் சொல்லிவிடுவார். சுற்றிலும் பார்த்தார். "அக்கா, இது உங்க வீட்டுச் சூடு இல்லையே" என்றார். "ஆறாம் நம்பர் ரூமுக்கு ஒரு நாள் நோட்டு குடுக்கப் போனேன். இது அந்தச் சூடு." எழுத்தரின் மனைவி மிஷினை நிறுத்தினார். எல்லாவற்றையும் சொன்னார். வெப்பமானிப் பெட்டியையும் பீரோவையும் சொன்னார், தன் புருஷன் போட்ட கையெழுத்தையும் சொன்னார். இஸ்திரிக்காரம்மா கேட்டு முடித்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தார். நாலு மணி வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாளிலிருந்து தினமும் வந்தார். கையில் இஸ்திரிப் பெட்டி, தலையில் துணி மூட்டை, ஒரு தூக்கில் சாப்பாடு. இருவரும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு வேலையில் உட்காருவார்கள். பெட்டிக்குக் கரி போடவேண்டிய அவசியமே இல்லை. தரையில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும், தேய்க்கிற பதத்துக்கு வந்துவிடும். ஒருவர் தைத்ததை ஒருவர் தேய்த்தார். ஒருவருக்கு மூச்சு முட்டினால் இன்னொருவர் ஈரத் துணியால் முகம் துடைத்துவிட்டார். பதினொன்றரை ஆனால் மட்டும் இஸ்திரிக்காரம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பதினொன்று நாற்பது ஆனதும் திறப்பார். "என் பொண்ணு எவ்வளவு நேரம் தாங்கியிருப்பான்னு பார்க்குறேன்க்கா" என்று ஒரு தடவை சொன்னார். அன்று மாலை மனைவி எழுத்தரிடம், "அந்தம்மா என் பக்கத்துல உட்கார்ந்து வேகுது. உங்களுக்கு ஒரு வரி எழுத கை வரல" என்றார். எழுத்தர் பார்க்கலாம் என்றார். மனைவிக்கும் அதே 'பார்க்கலாம்'தான். அதன்பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

அதற்கடுத்த கோடையில், ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தபோது, மனைவி மிஷின்மேல் தலை வைத்துப் படுத்தார். இஸ்திரிக்காரம்மா ஐந்து நிமிஷம்கூட விட்டுவைக்கவில்லை. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்து, தள்ளுவண்டியில் கிடத்தி, ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஆள் வந்து சொல்லி எழுத்தர் போய்ச் சேர்ந்தபோது நர்ஸ் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். பெயர், வயது, விலாசம் எல்லாவற்றுக்கும் எழுத்தர் டக்டக்கென்று பதில் சொன்னார். படிவம் அவருக்குப் பழக்கம்.

"காலையில சாப்பிட்டாங்களா?"

எழுத்தருக்குத் தெரியவில்லை. எட்டரைக்கே கிளம்பிவிடுகிறவர் அவர். நேற்றுச் சாப்பிட்டாளா என்று கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. இருபது வருஷம் கூட வாழ்ந்தவர்தான். நர்ஸ் பேனாவை அந்தக் கட்டத்தின் மேலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"சாப்பிட்டாங்க" என்றார் சுவரோரம் நின்ற இஸ்திரிக்காரம்மா. "நான் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டேன். ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. எழுதுங்கம்மா. சாப்பிட்டாங்கன்னு எழுதுங்க."

நர்ஸ் எழுதினார். ஒரே ஒரு சொல், எழுதுவதற்கு மூன்று விநாடிகூட ஆகவில்லை. எழுத்தர் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவமானமாக இருந்தது, தாங்கமுடியாத அவமானம்.

மனைவி பிழைத்துக்கொண்டார். வலது கை மட்டும் தோளிலிருந்து தொங்கிவிட்டது, அப்புறம் அது எழவில்லை. மறுநாள் காலை வீட்டில் ஆளில்லை, எனவே சூடு அறைகளில் இருந்தது. எழுத்தர் பீரோவைத் திறந்து மரப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய், சுத்தியலால் ஆணி அடித்து, எட்டு வெப்பமானிகளையும் அதனதன் அறையில் மாட்டினார். ஆறாம் அறையில் மூன்றாம் பெஞ்சின் சுவரோரம் பதினொன்று நாற்பது வரை நின்றார். நாற்பத்துமூன்று. திரும்பி வந்து பழைய பதிவேட்டைப் புரட்டி, அந்தத் தேதிக்கு நேராக இருந்த இருபத்தேழைச் சிவப்பு மையால் அடித்து 'மூன்றாம் பெஞ்சு, சுவரோரம், நாற்பத்துமூன்று' என்று எழுதினார். சுருக்கொப்பம் வைத்தார். குறிப்பு என்ற கட்டத்தில், இத்தனை வருஷமும் அவர் தொடாத கட்டத்தில், 'குழந்தை காலையில் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தது' என்று எழுதினார்.

"யோவ், உமக்கென்ன பைத்தியமா? உம்ம கையெழுத்துய்யா அது, உம்ம வேலைய்யா" என்று தலைமையாசிரியர் பதறினார்.

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ரூமுக்குன்னு வந்தது சார். அங்க வச்சுப் பார்த்தேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு எழுத்தர் போய் மணியை அடித்தார். முப்பத்தைந்தைத் தாண்டினால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற ஆணை, வந்து ஆறாம் வருஷத்தில், முதல் தடவையாக நிறைவேறியது.

அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். மறுபடி அதே மூன்று பேர் விசாரணைக்கு வந்தார்கள். பெற்றோர் வாசலை மறித்து நின்றதால் ஏசி அறைக்குப் போக வழியில்லை. இஸ்திரிக்காரம்மா ஆறாம் அறையின் கதவைத் திறந்துவிட்டு, "இங்கயே உட்காருங்க சார், பரவாயில்ல" என்றார். பன்னிரண்டு நிமிஷத்தில் சட்டை நனைந்து வெளியே வந்தார்கள். யோசித்து எழுதுகிற நிலையில் அவர்கள் இல்லை, பழைய வரியையே திரும்ப எழுதினார்கள்: திருத்தியுள்ளபடியே மூன்றாம் பெஞ்சில் வெப்பநிலை இருந்தது, இருந்துவருகிறது. சாப்பிடாமல் வந்ததாகச் சொன்னதை நீக்கினார்கள். முத்திரை குத்தினார்கள். இஸ்திரிக்காரம்மாவுக்கு ஒரு நகல் கொடுத்தார்கள். அவர் அதைச் சூடில்லாத பெட்டியால் ஒரு தடவை நீவி மடித்து வைத்துக்கொண்டார்.

எழுத்தரின் வீடு மற்ற வீடுகளைப் போல ஆகிவிட்டது. வெளியே போன பல்லியோ அதன் பிள்ளையோ ஒன்று திரும்பி வந்தது. பள்ளிக்கூடம் தகரக் கூரை போட்ட எந்தக் கட்டடமும் கொதிக்கிறபடி கொதித்தது. ஒரே வருஷத்தில் அறுபத்தொரு நாள் பிள்ளைகள் பாதியில் வீடு திரும்பினார்கள். அந்த வருஷம் எத்தனையோ பேர் தேறவில்லை, அதில் எழுத்தரின் மகளும் ஒருத்தி. பெற்றோர் மேலிடத்து வாசலில் போய் உட்கார்ந்தார்கள். வெயிலில்தான் உட்கார்ந்தார்கள். நாலு வருஷம் கழித்துத்தான் தகரம் போய் காங்கிரீட் கூரையும் எதிரெதிர் ஜன்னலும் சுற்றுகிற ஃபேன்களும் வந்தன. எழுத்தருக்கு வேறோர் இடத்தில், சம்பளத்தைக் குறைத்து, வேலை திரும்பக் கிடைத்தது. மாலையில் மனைவி இடது கையால் துணியைப் பிடிக்க, அவர் மிஷினை மிதிக்கிறார். தையல் கோணல்மாணலாகத்தான் விழுகிறது. பிரித்துப் போடச் சொல்கிறார் மனைவி, பிரித்துப் போடுகிறார்.

இப்போது எட்டு அறைகளிலும் கோடையில் முப்பதைத் தாண்டுவதில்லை. ஆறாம் அறையில், மூன்றாம் பெஞ்சின் சுவரோரம் மட்டும் ஒரு பிள்ளை உட்காருகிற அளவு இடத்தில் எப்போதும் நாற்பத்துமூன்று டிகிரி இருக்கிறது. கூரையை மாற்றியும் போகவில்லை, பெஞ்சை மாற்றியும் போகவில்லை, மழைக்காலத்திலும் போகவில்லை. பார்க்க வந்த பொறியாளர்கள் இரண்டு பேர் கையை வைத்துப் பார்த்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார்கள். புது எழுத்தர் பதினோரு மணிக்கு வந்து அறைக்கு ஒரு எண்ணும் அந்த இடத்துக்கு ஒரு எண்ணும் எழுதிக்கொள்கிறார். அங்கே யாரும் உட்காருவதில்லை. பிள்ளைகள் காலையில் வந்ததும் சாப்பாட்டு டப்பாக்களை அந்த இடத்தில் அடுக்கிவிடுகிறார்கள், மதியம் வரை ஆறாமல் இருக்கும். வகுப்பில் முப்பத்தொன்பது பேர், டப்பா நாற்பது. காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை எதுவோ அது நாற்பதாவதை எடுத்துக்கொள்ளும், யாரும் கேட்பதில்லை. நாலு மணிக்கு இஸ்திரிக்காரம்மா வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்து தன் டப்பாவைத் திறந்து பார்க்கிறார். ஒரு நாளும் அதில் மிச்சம் இருந்ததில்லை.